இரட்டைப் பாறைக்கு அளவெடுத்த வண்டி

நான் தையல்காரன். இருபத்திரண்டு வருடமாக ஆட்களுக்கு அளவெடுக்கிறேன். ஒரு தோள் ஏறி ஒரு தோள் இறங்கியவர், மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு இடுப்பைக் காட்டுகிறவர், "போன தடவை எடுத்த அளவே போதும்" என்று சாதிக்கிறவர், எல்லோரையும் சமாளித்திருக்கிறேன். என்னைப் பாடாய்ப் படுத்திய ஒரே ஆள் என் அத்தான்தான். அதுவும் சட்டைக்கு அல்ல, மோட்டார் சைக்கிளுக்கு.

அத்தான் என் அக்காவின் கணவர். மாடுகளுக்குச் சினை ஊசி போடுவது அவர் வேலை. 'ஊசி டாக்டர்' என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். மாடு பருவத்துக்கு வந்தால் கத்தும். கத்த ஆரம்பித்த அரை நாளுக்குள் ஊசி போட்டாக வேண்டும், தவறினால் இன்னும் மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். அதனால் அவருக்கு வருகிற போன் எல்லாமே "டாக்டர், மாடு கத்துது" என்றுதான் ஆரம்பிக்கும். சாப்பிடும்போது வரும், குளிக்கும்போது வரும். என் கல்யாணத்தில் எல்லோரும் போட்டோவுக்கு நின்றபோதும் வந்தது. அந்தப் படத்தில் அக்காவுக்குப் பக்கத்தில் அத்தானின் ஒரு செருப்பு மட்டும் இருக்கிறது.

தினமும் காலையில் அக்காவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மெயின் ரோட்டில் இருபது நிமிடம் போவார். அவள் வேலை பார்க்கிற ரத்தப் பரிசோதனை நிலையத்தில் இறக்கிவிடுவார். அதன்பிறகு, ஊசிமருந்தைக் கெடாமல் குளிரில் வைத்திருக்கிற நைட்ரஜன் கேனை வண்டியின் பக்கவாட்டில் கட்டிக்கொண்டு மலையடிவாரத்துப் பண்ணைகளுக்கு ஏறுவார். அங்கே ரோடு என்று ஒன்று கிடையாது. ஒற்றையடிப் பாதைதான். வேர், உருண்டைக் கல், ஓடைச் சேறு, அடிக்கு ஒரு திருப்பம். பாதி வழியில் இரண்டு பாறைகள் சண்டைக்கு நிற்பதுபோல் எதிரெதிரே நிற்கும். இரட்டைப் பாறை என்று பெயர். அந்த இடுக்கில் ஹேண்டில்பார் நுழைந்துவிட்டால் அந்தப் பக்கம் இருக்கிற பதினோரு பண்ணைக்கும் டாக்டர் உண்டு. நுழையாவிட்டால் கேனைத் தூக்கிக்கொண்டு ஒரு மணி நேரம் நடக்க வேண்டியதுதான்.

பழைய வண்டி பதினாறு வருடம் அதில் நுழைந்து நுழைந்து வந்தது. விழுந்து விழுந்து ஹேண்டில்பார் உள்பக்கம் மடங்கிப் போயிருந்ததால் அதற்கு எந்தச் சிரமமும் இல்லை. ஒரு நாள் அது ஏற்றத்தின் நடுவில் இருமியது, புகைந்தது, நின்றது. அத்தான் அதைத் தள்ளிக்கொண்டு மேலே போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. பண்ணைக்காரம்மா வாசலிலேயே நின்றாளாம்.

"மாடு கத்தி முடிச்சிருச்சு டாக்டர். மூணு வாரம் கழிச்சு வாங்க. வரும்போது வண்டியில வாங்க."

அந்தக் கடைசி வார்த்தைதான் அவரைச் சுட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை புது வண்டி பார்க்கக் கிளம்பினோம். அத்தான், அக்கா, நான், மூன்று பேரும் பஸ்ஸில்.

முதல் ஷோரூமில் ஒரு வெள்ளை வண்டி நின்றது. நின்றது என்பதைவிட ஓங்கி நின்றது என்பதே சரி. பட்டன் பட்டனாய்த் துருத்திக்கொண்டிருக்கிற டயர், கம்பிச் சக்கரம், மேலே தூக்கிய சைலன்சர். கல்லும் பள்ளமும் தாண்டுவதற்கென்றே பிறந்த வண்டி. அத்தானின் உயரம் எனக்கு அத்துப்படி. பேன்ட்டை எப்போதும் நான்கு விரல் மடித்துத்தான் தைப்பேன். அவர் ஏறி உட்கார்ந்ததும் ஒரு காலின் கட்டைவிரல் மட்டும் தரையைத் தொட்டது. இன்னொரு கால் காற்றில் ஆடியது. முகத்தில் மட்டும் அப்படி ஒரு களை. கல்யாணத்தன்றுகூட அப்படி இருந்ததில்லை. என் அக்காவுக்கு நடந்த கல்யாணம் என்பதால் இதை நான் கொஞ்சம் மனத்தாங்கலோடுதான் சொல்கிறேன்.

அக்கா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். "பின்னாடி சீட்டு எங்க?"

"மேடம், இது தனியா ஓட்டுறவங்களுக்கான வண்டி" என்றார் விற்பனைக்காரர். "வேணும்னா இந்த இடத்துல ஒரு சின்னப் பை கட்டிக்கலாம்."

"நல்லா இருக்கு. எடுத்துக்கோங்க. நான் பஸ்ல போயிக்கிறேன்" என்றாள் அக்கா, சிரித்துக்கொண்டே.

அத்தான் அதை அனுமதி என்று நினைத்துக்கொண்டார். நான் நினைக்கவில்லை. தைத்த ஜாக்கெட்டைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு இதே மாதிரி "நல்லா இருக்கு" என்று சொல்கிறவர்கள் அதை ஒருநாளும் போடமாட்டார்கள்.

வாங்குவதற்கு முன் இரட்டைப் பாறையை அளந்துவிட வேண்டும் என்றார் அத்தான். நான் இஞ்ச் டேப்பை நீட்டினேன்.

"டேப் எல்லாம் வேணாம் மச்சான். நம்பரை வச்சுக்கிட்டு நான் ஒண்ணு சொல்லுவேன், கடைக்காரன் ஒண்ணு சொல்லுவான். இடுக்கு எவ்வளவோ அவ்வளவு நாடாவை வெட்டிட்டு வந்துட்டா யாரும் ஏமாத்த முடியாது."

பாவாடைக்குக் கோக்கிற பட்டை நாடாவில் ஒரு துண்டை, ஒரு முனையை மடித்துத் தைத்துக் கொடுத்தேன். அவர் பாறைக்குப் போய், தைத்த முனையை ஒரு பாறையில் வைத்து இழுத்து, மறுமுனையை மாட்டுக் குளம்பு சீவுகிற கத்தியால் அறுத்து எடுத்து வந்தார். நார் நாராய்ப் பிரிந்து தொங்கியது. இரவு அதைக் கண்ணாடி அலமாரியில் பத்திரமாக வைத்தாராம்.

அடுத்த ஞாயிறு வெள்ளை வண்டியின் ஹேண்டில்பார் மேல் நாடாவை இழுத்துப் பிடித்தார். ஹேண்டில்பார் மூன்று விரல் அளவு வெளியே துருத்தியது. மறுபடியும் பிடித்தார். மறுபடியும் மூன்று விரல். "நுனியை அறுத்துக்கலாம் சார், ஆனா வாரண்டி போயிடும்" என்றார் விற்பனைக்காரர். அத்தான் அந்த வண்டியின் டேங்கைத் தடவிவிட்டு வெளியே வந்தார். அக்கா எனக்கும் அவருக்கும் வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தாள், அன்றைக்கு மிகவும் அன்பாக இருந்தாள்.

இதன்பிறகு மூன்று மாதம் என் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் பாழாய்ப் போயின. ரோட்டுக்கென்றே செய்த வண்டிகளை நாடா ஏற்றுக்கொண்டது, பாதை ஏற்றுக்கொள்ளவில்லை. வயிறு தரையில் உரசுகிற உயரம், முதல் வேர் தட்டினாலே என்ஜின் உடையும். காட்டுக்கென்றே செய்தவற்றைப் பாதை ஏற்றுக்கொண்டது, நாடா விடவில்லை. ஒவ்வொரு கடையிலும் அத்தான் பாக்கெட்டிலிருந்து பாவாடை நாடாவை உருவும்போது விற்பனைக்காரர்கள் என்னைத்தான் பார்த்தார்கள். நான் அவருக்குச் சொந்தமில்லை என்பதுபோல் ஹெல்மெட் அலமாரிப் பக்கம் போய் நின்றுகொள்வேன். அத்தான் இதற்கிடையில் பழைய வண்டியை ஒட்டுப்போட்டு ஓட்டினார். ஏற்றத்தில் தள்ளித் தள்ளி ஒரு சுற்று இளைத்தார். அந்த மூன்று மாதத்தில் மூன்று மாடுகள் கத்தி முடித்தன.

பத்தாவதாகப் பார்த்ததுதான் அந்தச் சாம்பல் வண்டி. ரோட்டுக்கும் காட்டுக்கும் நடுவில் பிறந்தது. வயிறு உயரமாக இருந்தது, சீட்டு அவ்வளவு உயரமில்லை. கம்பிச் சக்கரம், ரோட்டில் அதிராத நடுத்தரப் பட்டன் டயர், கீழ் கியரில் நடந்தே போவதுபோல் ஊர்ந்து போகும் என்றார்கள். அத்தான் ஏறினார். இரண்டு பாதங்களும் பாதிக்கு மேல் தரையில் பதிந்தன. சீட்டு பின்னால் நீளமாகப் போனது. அக்கா கேட்காமலே ஏறி உட்கார்ந்து, பின்னால் இருந்த கம்பியைப் பிடிக்காமல், பழக்கதோஷத்தில் அவர் தோளில் கைவைத்தாள்.

"இதுதான்" என்றேன் நான். ஞாயிற்றுக்கிழமை திரும்பக் கிடைத்துவிட்ட சந்தோஷம் எனக்கு.

அத்தான் நாடாவை எடுத்தார். தைத்த முனையை என்னிடம் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார். இரண்டு விரல் வெளியே நின்றது.

"வேணாம். போலாம்" என்று இறங்கினார். "நான் கேனைத் தூக்கிட்டு நடந்தே போயிக்கிறேன். பதினோரு பண்ணைதானே."

நாடாவைச் சுருட்டுவதற்காக மறுமுனையை வாங்கினேன். அப்போதுதான் பார்த்தேன். கத்தியால் அறுத்த நார் இல்லை. முனை பல் பல்லாக, அழகாக வெட்டப்பட்டிருந்தது. அப்படி வெட்டுகிற கத்தரிக்கோல் எனக்குத் தெரிந்து இரண்டுதான். ஒன்று என் கடையில் இருக்கிறது. இன்னொன்றை நானே அக்காவுக்கு வாங்கிக் கொடுத்தேன். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள்.

"அது சரியான அளவு இல்லைங்க" என்றாள்.

"எது?"

"நாடா. நாலு விரல் நான் வெட்டிட்டேன்."

அத்தானுக்கு விளங்கச் சிறிது நேரம் பிடித்தது. "ஏன்?"

"அந்த வெள்ளை வண்டியில எனக்கு இடமே இல்லையே!" அக்காவின் குரல் உயர்ந்ததில் பக்கத்தில் வண்டி பார்த்துக்கொண்டிருந்த குடும்பமே திரும்பியது. "வீட்டுக்கு வந்தா போன். சோத்துல கை வச்சா போன். காலையில அந்த இருபது நிமிஷம் ரோட்டுல போறப்பதான் போன் எடுக்க மாட்டீங்க. அப்பதான் என்கிட்ட பேசுறீங்க. அதுவும் மாட்டைப் பத்தித்தான் பேசுறீங்க. அதையாவது பேசட்டும்னுதான் வெட்டினேன். இப்படி ஒரு வண்டி இருக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அத்தான் விரல்களை மடக்கி எண்ணினார். அவர் எண்ணுகிற கணக்கை நானும் போட்டுவிட்டேன்.

"அன்னைக்கு மூணு விரல்தானே வெளியே நின்னுச்சு. அப்ப அந்த வெள்ளை வண்டியும் நுழையும்."

"நுழையும்" என்றாள் அக்கா. "போய் எடுத்துக்கோங்க. நான் பஸ்ல..."

அத்தான் சாம்பல் வண்டியின் பின்சீட்டைக் கையால் அழுத்திப் பார்த்தார்.

"அது நுழைஞ்சு என்னத்துக்கு ஆச்சு? மாட்டைப் பத்தி யார்கிட்ட பேசுறது? இவன்கிட்டயா?" என்று என்னைக் காட்டினார்.

வெட்டிய துண்டு எங்கே என்று கேட்டேன். கைப்பையின் உள்ளறையிலிருந்து அக்கா எடுத்துக் கொடுத்தாள். மூன்று மாதமாக அதைத் தூக்கிப் போடவும் மனசு வரவில்லையாம். என் காலரில் எப்போதும் ஒரு ஊசி நூலோடு குத்தியிருக்கும். ஷோரூம் தரையிலேயே உட்கார்ந்து, பல்லோடு பல் பொருத்தி, துளிகூட மடிக்காமல் தைத்துக் கொடுத்தேன். சாம்பல் வண்டி நாடாவுக்குள் அடங்கி, இரண்டு விரல் மிச்சமும் இருந்தது.

பத்து நாள் கழித்து வண்டியை எடுக்கப் போனோம். சாவியைக் கொடுத்தார்கள். அத்தான் ஏறினார், அக்கா ஏறினாள், இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மூன்று மாதம் நாடா பிடித்தவனுக்கு உட்கார இடமில்லை என்பது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது.

"பரவால்ல, நான் பஸ்ல போயிக்கிறேன்" என்றேன்.

ஜன்னலோரம்தான் இடம் கிடைத்தது. அரை மணி நேரம் முன்பே கிளம்பிப் போன வண்டியை மெயின் ரோட்டில் எங்கள் டவுன் பஸ் எட்டிப் பிடித்தது. அத்தான் சைக்கிள் வேகத்தில், ரோட்டின் ஓரமாகப் போய்க்கொண்டிருந்தார். தலை பாதி பின்னால் திரும்பியிருந்தது. ஒரு கையை ஹேண்டில்பாரிலிருந்து எடுத்து ஏதோ ஒரு மாட்டின் வயிறு எவ்வளவு பெரிது என்று காட்டினார். அக்கா அவர் தோளில் கைவைத்து, முன்னால் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நான் ஜன்னல் வழியாகக் கையாட்டினேன், இரண்டு பேரும் பார்க்கவில்லை. பஸ் அவர்களை முந்திப் போய்விட்டது.