அஞ்சலை எழுதிய கண் பரீட்சை

ரெண்டு வாரமாக இந்தப் பக்கத்தில் என்னைக் காணோமே என்று தேடினீர்களா? தேடினீர்கள் என்றே வைத்துக்கொள்கிறேன். கௌரவமாக இருக்கிறது.

காரணம், கண் ஆஸ்பத்திரி.

என் கண்ணுக்கு ஒன்றும் இல்லை. எனக்கு எப்போதோ ஆபரேஷன் முடிந்துவிட்டது. பெரிய எழுத்தாக இருந்தால் விரல் வைத்து, எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவேன். சின்ன எழுத்துக்கு மருமகள் இருக்கிறாள். இதைக்கூட நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள். ஆனால் பேச்சு என்னுடையது. அதில் அவள் கை வைக்க மாட்டாள்.

ஆஸ்பத்திரிக்குப் போனது என் ஓரகத்தி அஞ்சலைக்காக. என் வீட்டுக்காரரின் தம்பி சம்சாரம். நான் பெரம்பலூர் டவுனில் இருக்கிறேன். அவள் இருப்பது ரெட்டிபாளையத்தில். சிமெண்ட் லாரிகள் லோடுக்கு வரிசை கட்டி நிற்கும் ரோட்டோரத்தில், தகரக் கொட்டகை போட்டு இட்லிக் கடை நடத்துகிறாள். கொழுந்தனார் போன பிறகு அவளை நிமிர்த்தி உட்கார வைத்தது அந்தக் கடைதான்.

மகன் செல்வம் ஃபேக்டரியில் காண்ட்ராக்ட் வேலையில் இருக்கிறான். நல்ல பையன். ஆனால் அம்மா மேல் பாசம் பொங்கினால் போலீஸ்காரன் மாதிரிப் பேசுவான்.

கொஞ்ச நாளைக்கு முன் அஞ்சலை வெந்நீரை வாளியில் ஊற்றுவதாக நினைத்து, தன் காலிலேயே ஊற்றிக்கொண்டாள். நல்லவேளை, கொதிக்கிற தண்ணீர் இல்லை. மேல்தோல் வழண்டதோடு போயிற்று. செல்வம் பதறிப்போய் எனக்கு ஃபோன் போட்டான்.

"பெரிம்மா, அம்மாவ நாளைக்கு பஸ் ஏத்தி உடுறேன். கண்ணைக் காட்டிட்டு வாங்க. கண்ணு தெரியலைன்னு டாக்டர் சொல்லிட்டா அன்னைக்கே கொட்டாயைப் பிரிச்சிடுவேன். அதுகிட்டயும் சொல்லிட்டேன்."

கடைசியாகச் சொன்னான் பாருங்கள்... அதுகிட்டயும் சொல்லிட்டேன் என்று! அது எவ்வளவு பெரிய வில்லங்கம் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மறுநாள் காலையில் பஸ் ஸ்டாண்டில் இறங்கினாள். பட்டுச் சேலை. தலையில் பூ. ஆஸ்பத்திரிக்கா, பெண் பார்க்கவா என்று கேட்டேன். பதில் இல்லை. சண்டைக்காரி பதில் பேசாமல் வந்தால் நமக்குப் பயம் வருமா, வராதா?

ஆஸ்பத்திரி வாசலில் வாட்ச்மேன் எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ரெண்டு பாட்டியில எந்தப் பாட்டி பேஷன்ட் என்று கேட்டார். நான் முறைத்த முறைப்பில் கதவைத் திறந்துவிட்டார்.

உள்ளே எல்லாம் சுத்தமாகத்தான் இருந்தது. குறை சொல்ல மாட்டேன். தண்ணீர் வைத்திருந்தார்கள், ஃபேன் ஓடியது. ஒன்று மட்டும் எனக்குப் புரியவே இல்லை. வருகிறவர்களுக்குக் கண்தானே கோளாறு? ஏன் எல்லோரும் காதில் வந்து கத்துகிறார்கள்? "பாட்டீ... இங்க உக்காரூ..." என்று ஒரு பையன் போட்ட சத்தத்தில், சும்மா கூட வந்திருந்த ஒரு பெரியவர் எழுந்து உட்கார்ந்தார்.

கண் பரிசோதனை அறைக்கு வெளியே பெஞ்சு. அறைக் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே போகிறவர்கள் எல்லாம் எதிர்ச் சுவரில் மாட்டியிருக்கும் அட்டையைப் பார்த்து எழுத்தைச் சத்தமாகச் சொல்வது எங்களுக்கு நன்றாகக் கேட்டது. ப... ட... ம... என்று ஆரம்பிப்பார்கள். பாதியில் ஒருவர் இழுப்பார், ஒருவர் திணறுவார்.

அஞ்சலையின் முறை வந்தது. பக்கத்தில் இருந்த அம்மாளைப் பார்த்து, நீங்க போங்க என்றாள். எனக்கு ஆச்சரியம். ரேஷன் கடையில் சொந்த ஓரகத்திக்குக்கூட இடம் விடாதவள். அடுத்தும் அவளைக் கூப்பிட்டார்கள். ஒரு வாத்தியார் மாதிரி இருந்தவரை முன்னால் அனுப்பினாள். அவர் கடகடவென்று அடிவரை வாசித்துவிட்டு வந்தார்.

இவள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உதடு மட்டும் அசைந்தது. சமயபுரத்தாளை வேண்டிக்கொள்கிறாள் என்று நினைத்தேன். நானும் என் பங்குக்குக் கும்பிட்டுக்கொண்டேன்.

அதற்கப்புறம்தான், "இப்பப் போலாம்க்கா" என்று எழுந்தாள்.

உள்ளே சின்ன வயசுப் பெண் ஒருத்தி இருந்தாள். அஞ்சலையை நாற்காலியில் உட்கார வைத்து, ஆயாவுக்குப் படிக்கத் தெரியுமா என்று கேட்டாள்.

"தெரியும்," என்றாள் அஞ்சலை.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நானாவது எழுத்துக் கூட்டுவேன். இவள் பேங்கில் இன்றைக்கும் கைநாட்டு.

அந்தப் பெண் ஒரு கண்ணை மூடி, எதிரே தெரியிறதைச் சொல்லுங்க என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அஞ்சலை ஆரம்பித்துவிட்டாள். மூச்சு விடவில்லை. மேல் வரி, நடு வரி, அந்த வாத்தியார் வாசித்த பொடி எழுத்து வரி... ஒன்று தப்பவில்லை. எந்த டிரைவருக்கு எத்தனை இட்லி, யாருக்குக் காரச் சட்னி ஆகாது என்று மொத்தக் கடையையும் மண்டையில் வைத்திருக்கிறவளுக்கு இது ஒரு பெரிய விஷயமா?

முடித்துவிட்டு, முகத்தில் ஒரு வெளிச்சத்தோடு நிமிர்ந்தாள்.

அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள்: "அம்மா... அட்டை இந்தப் பக்கம் இருக்கு. நீங்க காலண்டரைப் பார்த்துக்கிட்டு இருக்கீங்க."

வாசலில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். பாட்டி நூத்துக்கு நூறு என்றது ஒரு குரல். அந்தச் சிரிப்பில் கெட்ட எண்ணம் இல்லைதான். நானே வேறு யாருக்கோ நடந்திருந்தால் சிரித்திருப்பேன். ஆனால் அஞ்சலையின் கை சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தது. சுருட்டிச் சுருட்டி, இனிச் சுருட்ட இடம் இல்லை.

அந்தப் பெண் எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். அன்றைக்கு அந்த ஆஸ்பத்திரியில் நான் பார்த்த முதல் வைத்தியம் அதுதான்.

திரும்பி வந்து, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அஞ்சலைக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள். ஏம்மா இப்படி என்று கேட்டாள். அதட்டவில்லை. கத்தவும் இல்லை.

அஞ்சலை தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: "கண்ணு தெரியலைன்னு மட்டும் எழுதிப்புடாத தாயி. எம்மவன் கடையைப் பிரிச்சிருவான். அப்புறம் நான் வூட்டு மூலையில உக்காந்து யாரு சோறு போடுவான்னு பாத்துக்கிட்டுக் கெடக்கணும்."

எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. பட்டுச் சேலை, பூ, முறையை விட்டுக்கொடுத்தது... அவள் வைத்தியம் பார்க்க வரவே இல்லை. பரீட்சை எழுத வந்திருக்கிறாள்!

அந்தப் பெண் அவள் கையில் இருந்த தலைப்பை மெல்லப் பிரித்துவிட்டாள். "இங்க பாஸாயிட்டா வூட்டுக்கு அனுப்பிடுவாங்கம்மா. ஃபெயிலானவங்களுக்குத்தான் வைத்தியம்."

பிறகு எழுத்தே இல்லாத வேறொரு அட்டையை மாட்டினாள். மூன்று காலோடு ஒரு சீப்பு மாதிரிப் படம். சீப்பின் பல் எந்தப் பக்கம் பார்க்கிறதோ, அந்தப் பக்கம் விரலை நீட்ட வேண்டும். அஞ்சலை மேலே இருந்த பெரிய சீப்புக்கு மட்டும் விரல் நீட்டினாள். அடுத்ததற்கு, "தெரியல பாப்பா" என்றாள். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவள் பட்ட பாடு எனக்குத் தெரியும். நாங்கள் ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவர்கள். எதையும் தெரியல என்று ஒப்புக்கொள்கிற வழக்கம் எங்கள் ரெண்டு பேருக்கும் கிடையாது.

டாக்டர் வந்தார். கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, இவங்களுக்கு எவ்வளவு நாளா தெரியல, சுகர் இருக்கா என்றார். நான் சொன்னேன்: "அவளுக்குக் கண்ணுதாங்க மங்கல். காதும் வாயும் எங்க எல்லாரையும் விட நல்லா இருக்கு. அவளையே கேளுங்க."

கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். சிரித்துவிட்டு நாற்காலியை அவள் பக்கம் திருப்பிக்கொண்டார். அதற்கப்புறம் எல்லாம் அவளிடமே சொன்னார். ரெண்டு கண்ணிலும் புரை. ஒன்றில் நன்றாக முற்றிவிட்டது. அதை முதலில் எடுத்துவிடலாம், பார்வை வந்துவிடும். இன்னும் தள்ளிப் போட்டால்தான் சிக்கல்.

நினைத்துப் பாருங்கள். அந்தக் காலண்டர் மட்டும் அட்டைக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தால்? அவள் பாஸ். ரெட்டிபாளையத்துக்குத் திரும்பியிருப்பாள். அடுத்த தடவை அந்த வெந்நீர் கொதிக்கிற வெந்நீராக இருந்திருக்கும்.

டாக்டர் கடைசியில் ஒன்று சொன்னார். ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு மாசம் அடுப்புப் புகை, ஆவி, தூசு எதுவும் படக் கூடாது.

"அப்ப எனக்கு ஆப்ரேசன் வேணாம் தம்பி," என்று எழுந்துவிட்டாள். "ஒரு மாசம் பூட்டிக் கெடந்தா லாரிக்காரன் வேற கடை பாத்துக்குவான். எம்மவனுக்கும் பிரிக்கிற வேலை மிச்சம்."

என் வாயிலிருந்து வந்துவிட்டது – கடையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று. ஏன் சொன்னேன்? இன்றைக்கும் தெரியவில்லை.

அழுவாள், கையைப் பிடித்துக்கொள்வாள் என்றுதானே எதிர்பார்ப்பீர்கள்? நானும் அப்படித்தான் எதிர்பார்த்தேன். அவள் கேட்டது இது: "நீ சட்னிக்கு வெல்லம் போடுற ஆளாச்சே. போடாம இருப்பியா?"

அதுவும் டாக்டர் முன்னால். சமையல் விஷயத்தில் நான் மாமியாருக்கே பணிந்தவள் இல்லை. டாக்டர் வேறு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சரி என்றேன்.

ஆபரேஷன் அன்று செல்வம் வந்தான். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவனை நிறுத்திக் கொஞ்சம் பேசினேன். வயசானவர்கள் டாக்டரிடம் பொய் சொல்கிறார்கள் என்றால், வீட்டில் எவனோ தீர்ப்பை எழுதி வைத்துக்கொண்டு காத்திருக்கிறான் என்று அர்த்தம். கண் தெரிகிறதா என்று கேள். காது கேட்கிறதா என்று கேள். ஆனால், தெரியலைன்னா கடையைப் பிரிச்சிடுவேன் என்று சேர்த்துச் சொன்னால் எந்த அம்மா உண்மையைச் சொல்வாள்? வலியை மறைப்பாள், மயக்கத்தை மறைப்பாள். காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு, தண்ணி சில்லுன்னு இருக்கு என்பாள்.

அவனும் பயத்தில் சொன்னதுதான். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஆனால் இப்போது தினமும் ஷிஃப்டுக்குப் போகும் முன் கடைக்குத் தண்ணீர் தூக்கி வைத்துவிட்டுப் போகிறான். கொட்டாயில் ஒழுகிய தகரத்தையும் மாற்றிவிட்டான். பிரிக்கிறவன் செய்கிற வேலையா அது?

ஆமாம், இப்போது நான் ரெட்டிபாளையத்தில்தான் இருக்கிறேன். இந்த வாரத்துப் பேச்சை மருமகளுக்கு ஃபோனில்தான் சொல்கிறேன். நடுநடுவே லாரி ஹாரன் அடிக்கிறது. அவளும் பொறுத்துக்கொள்கிறாள்.

அஞ்சலை ரோட்டுக்கு எதிர்ப்புறம் தன் வீட்டுக்குள் இருக்கிறாள். தூசு படாமல் ஜன்னல் கண்ணாடியைச் சாத்தி, கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, நாற்காலி போட்டு ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். பார்ப்பதற்குக் கலெக்டர் மாதிரி இருக்கிறது.

நேற்றுக் காலை நல்ல கூட்டம். கையில் கரண்டி. இடுப்பில் ஃபோன் அடித்தது. எடுத்தால் அஞ்சலை.

"அக்கா, அந்த நீலச் சட்டைத் தம்பிக்கு நீ போட்ட இலை கிழிஞ்சிருக்கு. சாம்பாரு அவரு வேட்டியில ஒழுவுது. மொதல்ல அதைப் பாரு."

திரும்பிப் பார்த்தேன். நீலச் சட்டைதான். கிழிந்த இலைதான். ஒழுகிக்கொண்டுதான் இருந்தது. பக்கத்தில் நின்ற எனக்குத் தெரியாதது, நடுவில் ரெண்டு லாரி போகிற ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தவளுக்குத் தெரிந்திருக்கிறது.

டாக்டருக்குக் கோடிப் புண்ணியம். ஆனால் இது ஒரு கண்ணுக்குத்தான்... இன்னொரு கண்ணுக்கும் செய்யப் போகிறாராம். அப்புறம் என் கதி?