பசிபிக்கிலிருந்து வந்த நீல மூடி

ஊரப்பாக்கத்தில் சம்பந்தத்தைத் தெரியாதவர்கள் இருக்கலாம். ஆனால் வீட்டுக்குள் மழைத்தண்ணீர் புகுந்து கட்டில்மேல் ஏறி உட்கார்ந்தவர்களில் அவரைத் தெரியாதவர் ஒருவரும் கிடையாது. டீசல் மோட்டாரையும் சுருட்டிய ஓஸ் குழாயையும் ஏற்றிக்கொண்டு அவருடைய குட்டியானை வண்டி தெருமுனையில் திரும்பினால், மாடியிலிருந்து கைதட்டுவார்கள். தண்ணீரை இறைத்து வெளியே விடுவதுதான் அவர் தொழில். அந்தத் தண்ணீர் அப்புறம் எங்கே போகிறது என்று அவர் கேட்டதில்லை. கேட்டால் தொழில் நடக்காது.

சம்பந்தம் ராகுகாலம் பார்க்காதவர், ஜோசியனை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறவர். அதுவரை நல்ல மனிதர். ஆனால் சனி எந்த வீட்டில் என்று கேட்பதை விட்டவர், பசிபிக் எவ்வளவு ஜில்லென்று இருக்கிறது என்று கேட்கத் தொடங்கினார். செல்போனில் ஒரு வீடியோ பார்த்ததன் விளைவு அது. சில வருஷங்களுக்கு ஒருமுறை பசிபிக் மாக்கடலில் காற்று வலுத்து, மேலே கிடக்கும் சூடான தண்ணீரை ஆசியா பக்கமாகத் தள்ளுகிறது. தள்ளிய இடத்தில் அடியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் மேலே ஏறி வருகிறது. அதற்குப் பெயர் லா நினா. அந்தக் குளிரில் பெரு நாட்டு மீனவனுக்கு நெத்திலி கொழிக்கும். கென்யாவில் மாடு மேய்ப்பவனுக்குப் புல் கருகும். அர்ஜென்டினாவில் சோயா வாடும். ஆஸ்திரேலியாவில் ஊரே மிதக்கும்.

ஆஸ்திரேலியா மிதந்த இடத்தில் சம்பந்தம் வீடியோவை நிறுத்திவிட்டார். நேராகப் போய்ப் பழைய மோட்டார் இரண்டு வாங்கிவந்தார்.

"இன்னாயா இது? இருக்கிறதே துரு புடிச்சிக்கினு கீது," என்றாள் அவர் மனைவி கனகவல்லி.

"உனக்குப் புரியாது. பசிபிக்குல தண்ணி ஜில்லுனு ஆயிடுச்சு."

"அங்க ஜில்லுன்னு ஆனா உனக்கு இன்னா? நீ பச்சத்தண்ணில குளிக்கவே அழுவுற."

இன்னும் இரண்டு நிமிஷம் பார்த்திருந்தால், அதே லா நினா நம் வடகிழக்குப் பருவமழையைப் பல வருஷங்களில் குறைத்துவிடும் என்பதும், சில வருஷங்களில் எல்லாரையும் ஏமாற்றிக் கொட்டித் தீர்க்கும் என்பதும் தெரிந்திருக்கும். ஐப்பசி காய்ந்தது. கார்த்திகையும் பாதி காய்ந்தது. டீக்கடையில் அவர் பெயரே 'லா நினா' ஆகிவிட்டது. "லா நினாவுக்கு ஒரு ஸ்ட்ராங் டீ" என்று மாஸ்டர் சத்தம் போடுவார். சம்பந்தம் வானத்தைப் பார்த்தபடியே குடிப்பார்.

அப்புறம் ஒரு சாயங்காலம் மழை வந்தது. பெரிய மழை என்று சொல்ல முடியாது. ஆனாலும் மறுநாள் காலை லேக் வியூ குடியிருப்பில் முழங்கால் ஆழம் தண்ணீர். ஏரியைத் தூர்த்து அதன்மேலேயே வீடு கட்டி 'ஏரிக் காட்சி' என்று பெயர் வைத்தவனின் துணிச்சலை மெச்சத்தான் வேண்டும். வாங்கினவர்களுக்கு வாக்குத் தவறாமல் ஏரியைக் காட்டிவிட்டான்.

குடியிருப்புச் சங்கச் செயலாளர் சுப்ரமணியன் போன் செய்ததும் சம்பந்தம் ஜெயித்த வேட்பாளரைப்போல் வந்து இறங்கினார். மோட்டார்களை வரிசையாக வைத்து, ஓஸை முன்பக்கச் சுவருக்குமேல் எடுத்து, எதிரே இருந்த தெருவில் விட்டார். "லா நினா சார். நான் அப்பவே சொன்னேன்."

"யூ ஆர் கிரேட், சம்பந்தம்," என்றார் சுப்ரமணியன்.

காலை முழுதும் மோட்டார் ஓடியது. தண்ணீர் கொஞ்சம் இறங்கி, அப்புறம் அசையவில்லை. "இது சாதா தண்ணி இல்ல சார், பசிபிக் தண்ணி. சீக்கிரம் விடாது," என்று விளக்கம் கொடுத்தார் சம்பந்தம். அப்போது கேட்டுக்கு அடியிலிருந்த பழைய கால்வாய்க் குழாய் வழியாக ஒரு நீலப் பிளாஸ்டிக் மூடி மிதந்து வந்து அவர் காலில் முட்டியது. எடுத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் வீசினார். டீ குடித்துவிட்டு வந்து நின்றார். அதே மூடி மறுபடியும் வந்து முட்டியது. மறுபடியும் வீசினார். மறுபடியும் வந்தது. இந்த முறை மூடிக்குப் பின்னாலேயே, கேட்டைத் திறந்துகொண்டு ஜான்சி வந்தாள்.

ஜான்சி எதிர்த்தெருவில் இட்லி மாவு அரைத்து விற்பவள். புடவை இடுப்புவரை நனைந்திருந்தது.

"யாருணா என் மாவு டிரம் மூடியத் திருப்பித் திருப்பி வீசுறது? காலைல கணுக்கால் தண்ணிதான் இருந்துச்சு. இப்ப வாசப்படில நிக்குது. கிரைண்டர ஸ்டூல் மேல ஏத்தி வச்சிருக்கேன். இன்னும் ஒரு சாண் ஏறுச்சுன்னா மோட்டார் பூடும். கிறிஸ்மஸ் மாவு ஆர்டர் எல்லாம் புடிச்சி வச்சிருக்கேன். அது போச்சுன்னா நான் இன்னா பண்றது?"

சுப்ரமணியன் வராந்தாவிலிருந்து பரிவோடு பேசினார். "நேச்சரம்மா. லா நினா. நம்ம கைல என்ன இருக்கு?"

தன்னுடைய வார்த்தையை அந்த வாயில் கேட்டபோது சம்பந்தத்துக்கு ஏனோ இனிக்கவில்லை. மூடியைப் பார்த்தார். ஓஸைப் பார்த்தார். தன் மோட்டார் தள்ளும் தண்ணீர் ஜான்சி வாசலில் குவிகிறது. அங்கே குவிந்தது குழாய் வழியாக அடியில் புகுந்து இங்கே மேலே வருகிறது. பசிபிக்கில் காற்று செய்யும் வேலையைத் தான் டீசல் ஊற்றிச் செய்துகொண்டிருக்கிறோம் என்பது விளங்கியது. காலையிலிருந்து ஒரே தண்ணீரைச் சுற்றிச் சுற்றி இறைத்திருக்கிறார்!

"முன்னெல்லாம் எங்க தெருத் தண்ணி இந்தக் குழாய்ல வந்து, இப்படியே பின்னால அடுத்த ஏரிக்குப் போயிடும்ணா," என்றாள் ஜான்சி.

சம்பந்தம் குழந்தைகள் பூங்காவின் சறுக்குமரத்தில் ஏறிப் பின்பக்கச் சுவருக்கு அப்பால் எட்டிப் பார்த்தார். கால்வாய் அங்கேயேதான் இருந்தது. சொட்டுத் தண்ணீர் இல்லை; உள்ளே ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. கால்வாயின் குறுக்கேதான் இந்தச் சுவர் நின்றது.

"சார், ஓஸைப் பின்னால திருப்பிடட்டா?"

"நோ நோ. அந்தப் பக்கம் புது பிளாட் போட்டு விக்கிறாங்க. சண்டே கஸ்டமர்ஸ் வராங்க. தண்ணியப் பார்த்தா எவன் வாங்குவான்? நானே ரெண்டு புக் பண்ணிருக்கேன்." சொல்லிவிட்டுச் சாப்பிட மாடிக்குப் போனார்.

யாருக்கு மனை விற்க வேண்டும் என்பதற்காக யார் வீட்டில் தண்ணீர் நிற்க வேண்டும்? இதை எந்த மாக்கடலும் முடிவு செய்யவில்லை. மனைக்கும் சுவருக்கும் கையெழுத்துப் போட்ட மனிதர்கள் முடிவு செய்தார்கள். சம்பந்தத்துக்கு இது புரிந்தது. கூடவே இன்னொன்றும் புரிந்தது: சுவரின் அடியில் நாலு கல்லை எடுத்தால் தண்ணீர் தானே போய்விடும். அப்புறம் லேக் வியூவுக்கு என்றைக்கும் அவர் தேவையில்லை.

கனகவல்லிக்குப் போன் போட்டார். "ஏய், நான் மோட்டாரை நிறுத்தப் போறேன்."

"ரிப்பேரா?"

"இல்ல. ஒரு சுவத்த உடைக்கணும். உடைச்சா இங்க நமக்கு வேலை கிடையாது."

"கடப்பாரை வண்டி சீட்டுக்குப் பின்னால கீது," என்றாள் கனகவல்லி.

ஜான்சி ஒருபுறம் ஹாலோ பிளாக் கல்லை அசைத்துப் பிடிக்க, சம்பந்தம் மறுபுறம் நெம்பினார். இரண்டாவது கல்லுக்கே தண்ணீர் பொறுமை இழந்துவிட்டது. மீதியை அதுவே தள்ளிக்கொண்டு வெளியே பாய்ந்தது. ஆடுகள் கரையேறி நின்று பார்த்தன.

சத்தம் கேட்டு சுப்ரமணியன் சாப்பிட்ட கையோடு ஓடிவந்தார். "யாருய்யா சுவரை உடைச்சது?"

சம்பந்தம் ஓஸைச் சுருட்டிக்கொண்டே நிமிர்ந்தார். "லா நினா சார். நேச்சர். நம்ம கைல இன்னா கீது?"

ஜான்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சுப்ரமணியன் ஏதோ கத்தவேண்டும் என்று வாயைத் திறந்தார். அதற்குள் காலையிலிருந்து தண்ணீருக்குள் காணாமல் போயிருந்த அவருடைய கார்ச் சக்கரங்கள் கண்ணெதிரிலேயே ஒவ்வொன்றாய் வெளியே வந்துகொண்டிருந்தன. மாடியில் யாரோ கைதட்டினார்கள். அவர் சக்கரத்தைப் பார்த்தார், சுவரிலிருந்த ஓட்டையைப் பார்த்தார், எச்சில் கையோடு மறுபடியும் சக்கரத்தையே பார்த்தார்.