சேஷன் கண்ட நியூக்ளியஸ்

கரமனை அக்ரஹாரத்தில் தன்னைப் போல ஆசாரம் பார்க்கிறவர் கிடையாது என்று சேஷனே சொல்லிக்கொள்வார். வேறு யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. திருவனந்தபுரத்துக் கல்லூரி ஒன்றில் அவருக்குத் தாவரவியல் டெமான்ஸ்ட்ரேட்டர் உத்தியோகம். லெக்சரர் வகுப்பில் பேசிவிட்டுப் போனதை மைக்ராஸ்கோப்பை வைத்துப் பையன்களுக்குக் கண்ணால் காட்டிக் கொடுக்க வேண்டும். முதல் பாடம் வெங்காயம். வெங்காயத்தைப் பிளந்து, சதைப்பற்றான இதழின் உட்பக்கம் ஒட்டியிருக்கும் ஈரமான மெல்லிய ஜவ்வை உரித்துக் கண்ணாடித் துண்டில் பரப்பினால் செல் தெரியும். இதைவிடச் சுலபமான வேலை அந்தக் கட்டிடத்திலேயே இல்லை. சேஷன் வெங்காயத்தைத் தொட மாட்டார்.

அட்டெண்டர் சுவாமிதாஸ்தான் உரித்து, ஒரு சொட்டு அயோடின் விட்டு, மூடி எடுத்து வைப்பார். சேஷன் மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு கண்ணால் எட்டிப் பார்த்து, "ஷரி" என்று தலையாட்டிவிட்டுக் கரும்பலகைக்குப் போய்விடுவார். மைக்ராஸ்கோப்பில் பார்த்துத் தெரிந்துகொள்ள அவருக்கு என்ன இருக்கிறது? எல்லாம்தான் புத்தகத்தில் போட்டிருக்கிறதே. சாக்கட்டியால் செல் வரைவதில் மட்டும் மனிதர் கெட்டிக்காரர், அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

பாடம் சொல்லும்போது செல்லுக்குள்ளும் ஜாதி பிரித்துவிடுவார். "நடுவிலே இருக்கானே நியூக்ளியஸ், அவனாக்கும் எஜமான். அவன் வேலை செய்யமாட்டான், செய்யச் சொல்லுவான். இலைச் செல்லிலே பச்சையா இருக்கறது மடைப்பள்ளி. வெயிலை வாங்கிச் சமைச்சுப் போடும். அந்தப் பெரிய குழி நீரும் உப்பும் அடைச்சு வைக்கிற கலவறை. சுத்தி மதில். பாக்கிக் கூழெல்லாம் அடியாள்." அந்தக் கூழ் சோறு போடாவிட்டால் எஜமான் அன்றைக்கே அவுட். அதைச் சேஷன் ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னால் எஜமானுக்குக் கௌரவக் குறைச்சல் அல்லவா.

இப்படியே தலை நரைத்தது. அவரிடம் வெங்காயச் செல் பார்த்த பையன் ஒருவன் மெட்ராஸ் போய்ப் படித்து, லெக்சரராகத் திரும்பி வந்து, "மிஸ்டர் சேஷன், அந்தத் தட்டை இப்படி நகர்த்துங்கள்" என்றான். அன்று முழுக்க சேஷன் பட்டினி. பிறகு இன்னொரு லெக்சரர் இடம் காலியானது. அடுத்த வருஷம் என்றால் வயது தாண்டிவிடும், மனுப் போடவே முடியாது. இது போனால் சாகிறவரை டெமான்ஸ்ட்ரேட்டர்தான். வீட்டில் சீதாலக்ஷ்மி பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதாக வேண்டிக்கொண்டாள்.

தேர்வு செய்ய வந்தவர் குற்றாலலிங்கம், தென்காசிப் பக்கத்து மனிதர், பெரிய புரொபசர். அவர் கேள்வியே கேட்கவில்லை. ஒரு வெங்காயத்தையும் கத்தியையும் மேஜைமேல் வைத்தார். "நீங்களே ஸ்லைடு போடுங்க, பாத்து வரைங்க. அது போதும்" என்றார். சுவாமிதாஸை வெளியே அனுப்பிக் கதவையும் சாத்தினார்.

சேஷன் கத்தியைக் கையில் எடுத்து மறுபடி கீழே வைத்தார். வெங்காயத்தை வெட்டினால் சாறு கையில் வழியும். யோசித்தார், ஆசாரக்காரர் புத்தி சட்டென்று வழி கண்டுபிடித்தது. ஈரமானதற்குத்தானே தீட்டு? நெல்லுக்கும் விறகுக்கும் யார் தீட்டுப் பார்க்கிறார்கள்? மேலே சருகாக ஒரு தோல் இருக்கிறது, அதுவும் வெங்காயத்தோல்தானே, அதிலும் செல் இருக்கத்தானே வேண்டும். இரண்டு நகத்தால் கிள்ளி எடுத்து, அயோடின் விட்டு, மைக்ராஸ்கோப்பில் வைத்தார். வழக்கம்போல ஒரு கண், ஒரு எட்டு. கட்டம் கட்டமாகத் தெரிந்தது. போதும் என்று உட்கார்ந்து வரைந்தார். மதில், கூழ், நடுவில் கம்பீரமாக நியூக்ளியஸ். கூழ் ஓடுகிற திசைக்கு அம்புக்குறிகூடப் போட்டார்.

குற்றாலலிங்கம் படத்தைப் பார்த்தார். பிறகு மைக்ராஸ்கோப்பில் குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

"படம் ரொம்ப அழகா இருக்கு. இந்த நியூக்ளியஸ எங்க பாத்தீங்க?"

"செல்லுக்குள்ளே சார்."

"எந்தச் செல்லுல? எனக்குக் கொஞ்சம் காட்டுங்க."

சேஷன் குனிந்தார். அத்தனை வருஷத்தில் அன்றுதான் அவர் நிஜமாகப் பார்த்தார். இடப்பக்கம் தள்ளிப் பார்த்தார், வலப்பக்கம் தள்ளிப் பார்த்தார். வெறும் சுவர், உள்ளே ஒன்றுமில்லை. அடுத்ததிலும் ஒன்றுமில்லை.

"இருக்கும் சார். புஸ்தகத்திலே போட்டிருக்கே."

"இது செத்த தோலு, மிஸ்டர் சேஷன். உள்ள இருந்ததெல்லாம் எப்பவோ காஞ்சு போச்சு, சுவரு மட்டுந்தான் மிச்சம். நீங்க என்னடான்னா அதுல கூழ ஓட விட்டிருக்கீங்க." குற்றாலலிங்கம் கோபப்படவில்லை. கத்தியை எடுத்து வெங்காயத்தை இரண்டாகப் பிளந்து நகர்த்தி வைத்தார். "பரவால்ல, இன்னொரு தடவ போடுங்க. உள்தோலா எடுங்க."

வெட்டுவாயில் சாறு பளபளத்தது. சேஷன் ஒரு நிமிஷம் அதையே பார்த்தார். பிறகு கையை வைத்தார். லெக்சரர் பதவி மேல் அவ்வளவு ஆசை. தொட்டுவிட்டால் உரிக்க வந்துவிடுமா? இதழ் வழுக்கியது. ஜவ்வோடு சதையும் சேர்ந்து பிய்ந்து வந்தது. அதைக் கண்ணாடியில் வைத்தால் ஒரே மூட்டம். கண் எரிய, அதே கையால் துடைத்து இன்னும் எரிச்சலை வாங்கிக்கொண்டு, கிழிந்த துணுக்குகளை அப்படியும் இப்படியும் ஒட்டிப் பார்த்தார். சிரிக்கலாம் என்றுதான் தோன்றுகிறது, ஆனால் நரைத்த தலையோடு அந்தத் துணுக்குகளை அவர் பொறுக்கி அடுக்குவதைப் பார்த்தால் சிரிப்பு முழுதாக வராது.

"இதுவரைக்கும் நீங்க இத உரிச்சதே இல்ல, அப்படித்தானே?" என்றார் குற்றாலலிங்கம்.

சேஷன் பிய்ந்த துணுக்குகளைக் கண்ணாடியிலிருந்து வழித்து எடுத்தார்.

"சரி, போய்க் கையக் கழுவுங்க."

கரமனை வரை நடந்தே வந்தார். வாசல் வழியாக வராமல் கொல்லைப்பக்கமாகச் சுற்றிக் கிணற்றடிக்குப் போய் நின்றார். சத்தம் கேட்டு வந்த சீதாலக்ஷ்மி மூக்கைச் சுளித்தாள்.

"என்ன நாத்தமாக்கும் இது?"

"வெங்காயம்."

அவள் புடவைத் தலைப்பை இழுத்துக்கொண்டு தள்ளி நின்றாள். தண்ணீர் சேந்தி, அவர்மேல் பட்டுவிடாமல் உயரத்திலிருந்து அவர் கையில் விட்டாள்.

"உத்தியோகம் என்னாச்சு?"

"இல்லைன்னுட்டான். அந்தத் தென்காசிப் பாண்டிப் பிள்ளைக்கு நம்மைக் கண்டா ஆகாது."

சீதாலக்ஷ்மி குடத்தை இறக்கி வைத்துவிட்டு அவர் கையையே பார்த்தாள்.

"தொடறதுன்னு ஆனப்புறம், சேர்ந்த அன்னிக்கே தொட்டிருக்கப்படாதோ?" என்றாள். "எப்பவோ லெக்சரர் ஆயிருப்பேள்."

சேஷன் சாம்பலை அள்ளி மறுபடி கையைத் தேய்க்க ஆரம்பித்தார்.