மூன்றாவது தலை

மொன்றியல் துறைமுகக் கிடங்கில், கண்காட்சிக்காகச் சென்னையிலிருந்து கப்பலில் வந்த என் புத்தகப் பெட்டிகளுக்காகக் காத்திருக்கிறேன். எனக்கு முன்னால் ஒரு வேட்டைக்காரர், கையில் மடக்குப் போனோடு, பிரெஞ்சில் கத்திக்கொண்டிருக்கிறார். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த அவருடைய மரப்பெட்டி திறந்து கிடக்கிறது. உள்ளே கொம்போடு இரண்டு மான் தலைகள்.

கிடங்கில் வேலை செய்யும் யூட், மன்னார்க்காரர், அவர் கத்துவதைக் கேட்டு, ரசீதையும் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி மெல்லச் சொல்கிறார்.

"மூண்டு மானுக்குக் காசு கட்டியிருக்கிறார். மூண்டாவது வெடிபட்டு ஓடிட்டுது. அங்க ஒரு சொட்டு ரத்தம் விழுந்தாலே முழுக்காசாம். தடம் பார்க்கிறவன் புல்லில ரத்தத்தைக் காட்டிட்டானாம். அந்தக் கோவத்தில அவனுக்கு டிப்ஸும் குடுக்கேல்லையாம்."

வேட்டைக்காரர் குரலைத் தணிக்கிறார். நூறு டாலர் தாள் ஒன்றை மேசைமேல் யூட் பக்கம் நகர்த்துகிறார்.

"என்னவாம்?" என்கிறேன்.

"மூண்டு தலை வந்தது, ஒண்டு இங்க துலைஞ்சிட்டுது எண்டு என்னை எழுதட்டாம். இன்சூரன்ஸுக்கு."

வேட்டைக்காரர் யூட்டைவிட ஒரு முழம் உயரம். யூட் தாளைத் தொடவில்லை. இரண்டு என்று எண்ணிலும் எழுத்திலும் எழுதிவிட்டுப் பேனாவை நீட்டுகிறார்.

"இது அங்க அந்தத் தடம் பார்த்தவனுக்குக் குடுத்திருக்க வேண்டிய காசு." இதைத் தமிழில்தான் சொல்கிறார்.

நீட்டிய பேனா அப்படியே நிற்கிறது. கடைசியில் வேட்டைக்காரர் கையெழுத்தைக் கிறுக்கிவிட்டு, நூறு டாலரைச் சட்டைப்பைக்குள் திணிக்கிறார்.

"உங்கட பெட்டி எத்தினை, அண்ணை?"

நான்கு. நன்றாகத் தெரியும். இருந்தாலும் இன்னொரு முறை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் வாய் திறக்கிறேன்.