ஒரே திரையில் இரண்டு நேரம்

அல்வாலில் ரயில்வேப் பட்டறை ஓய்வூதியர்கள் குடியேறிய தெருவில் சூசைராஜின் வீடு கடைசி. மனைவி எலிசபெத் இறந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரே மகன் சுனில் டப்ளினில் இருந்தான். அவன் கல்லூரியில் படித்தபோது வாங்கிய கணினி பின்னறையில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

சுனில், தன்னோடு வேலை பார்க்கும் கிளேர் என்ற பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்துகொள்ள நாள் குறித்தான். தந்தைக்கு விசா கிடைக்கவில்லை. இணையத்தில் பார்க்கலாம் என்று இணைப்பு அனுப்பினான். சடங்கு கால் மணி நேரந்தான், பிறகு பார்க்க அதைப் பதிவுசெய்து வைக்கவும் மாட்டார்களாம். அந்தப் பக்கத்தைத் திறக்கப் பழைய விண்டோஸ் மறுத்துவிட்டது. அதை அழித்துவிட்டு லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றலாம்தான். ஆனால் கோயில் பாடற்குழுவுக்காக எலிசபெத் தட்டச்சு செய்துவைத்த பாட்டுகள், அந்த விண்டோஸில் இருந்த தமிழ் மென்பொருளில் மட்டுமே திறந்தன. அழிக்க அவருக்குக் கை வரவில்லை.

எனவே விண்டோஸை அப்படியே விட்டு, அதற்குள் விர்ச்சுவல் மெஷின் என்ற கணினிக்குள் கணினி ஒன்றை உண்டாக்கி, லினக்ஸை அதில் குடிவைத்தார். இருந்த நான்கு ஜிபி நினைவகத்தை, ஒரு வீட்டை முன்கட்டும் பின்கட்டுமாகத் தடுப்பதுபோல, இரண்டிரண்டாகப் பிரித்துக் கொடுத்தார். மூன்று வாரம் பிடித்தது. அந்த மூன்று வாரமும் அவரோடு பேசியது பெரும்பாலும் திரையில் வந்த பிழைச் செய்திகளே.

பட்டறைத் தோழர் ஆனந்தகுமார் மாரெட்பள்ளியிலிருந்து வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். பட்டறையில் ஒட்டிக்கொண்ட ஊர் உருது இருவர் பேச்சிலும் கலந்து வரும்.

“கைக்கு? எதுக்கு இந்தப் பாடு, சூசை? எங்க வீட்டுக்கு வா. டிவியில பெருசாப் போட்டுப் பார்க்கலாம்.”

“நக்கோ, வேணாம். எம்புள்ள கல்யாணத்தை அடுத்தவன் வீட்டு சோபாவுல உக்காந்தா பார்க்கிறது?”

திருமணம் நம் நேரப்படி பகல் இரண்டரைக்கு. அன்று காலையிலேயே எல்லாவற்றையும் ஒருமுறை ஒத்திகை பார்த்தார். லினக்ஸ் எழுந்து வரப் பதினொரு நிமிடம் ஆகும் என்பதால், சாப்பிடப் போகும்போது அதை அணைக்காமல், இருந்த நிலையிலேயே நிறுத்திவைத்தார். சாப்பிட்டு, முகம் மழித்து, இஸ்திரி போட்ட சட்டையை அணிந்துகொண்டு திரும்பினார். நிறுத்தியதை ஓடவிட்டுத் திரை முழுவதும் விரித்தார். மூலையில் மணி ஒன்று இருபத்தைந்து. நேரம் நிறைய இருக்கிறது என்று நிம்மதியாக உட்கார்ந்தார். கைக்கடிகாரம் கட்டும் வழக்கத்தை வேலையோடு விட்டிருந்தார். சுவர்க் கடிகாரமும், சார்ஜில் போட்ட பட்டன் போனும் முன்னறையில் இருந்தன.

முன்கூட்டித் திறந்தால் பழைய கணினி திணறும். ஆகவே இரண்டு இருபத்தைந்து ஆகும்வரை காத்திருந்து இணைப்பை அழுத்தினார். சந்திப்பு முடிந்துவிட்டது என்று வந்தது. மீண்டும் அழுத்தினார், அதுவே வந்தது. இணைப்பில் பிழையோ என்று மகனின் மின்னஞ்சலைத் தேடி லினக்ஸ் சன்னலைச் சுருக்கினார். கீழே விண்டோஸின் மணி மூன்று இரண்டு.

நிறுத்திவைத்த முப்பத்தைந்து நிமிடத்தையும் லினக்ஸின் கடிகாரம் ஓடாமலே கழித்திருந்தது. விட்ட இடத்திலிருந்து அது எண்ணத் தொடங்கியதை அவர் நம்பியிருந்தார். இரண்டு மணிகளும் ஒரே திரையில், ஒன்றையொன்று அறியாமல் நகர்ந்தன. அவர் வெகுநேரம் சட்டையைக் கூடக் கழற்றாமல் அங்கேயே இருந்தார்.

ஆறு மணிக்குச் சுனில் அழைத்தான்.

“அப்பா, பார்த்தீங்களா? ஆன்லைன்ல மட்டும் எண்பது பேருக்கு மேல இருந்தாங்க. யார் யாருன்னு கவனிக்கவே முடியல.”

நடந்ததைச் சொல்லத்தான் சூசைராஜ் வாயெடுத்தார். மகனுடைய குரலில் அவ்வளவு சிரிப்பு இருந்தது.

“பார்த்தேன்பா. நல்லா இருந்துச்சு.”

“கிளேர் உங்களுக்குன்னு தமிழ்ல சொன்னாளே, புரிஞ்சுதா? ஒரு மாசமா மனப்பாடம் பண்ணினா. தப்பு இருந்துச்சான்னு கேட்கச் சொல்றா.”

சூசைராஜ் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

“ஒரு தப்பும் இல்லைன்னு சொல்லு. நல்லாப் புரிஞ்சுது.”

சுனில் அதை ஆங்கிலத்தில் சொல்வது கேட்டது. பின்னாலிருந்து ஒரு பெண்குரல் மகிழ்ந்து சிரித்தது. விருந்துக்கு நேரமாகிறது என்று அவன் விடைபெற்றான். புரிந்ததென்று சொல்லியாகிவிட்டது, அவள் சொன்னது என்னவென்று இனி அவர் யாரிடமும் கேட்க முடியாது.