மாதவன் சார் ரீல்ல ஒரு கீச்சு

தூண்டில் ரீல் ரிப்பேருக்கு ஸ்குரூ டிரைவர் மட்டும் போதாது, நல்ல காதும் அதைவிட நல்ல வாயும் வேணும். சத்தம் வருதுன்னு சொல்ற கஸ்டமர், என்ன சத்தம்னு மட்டும் சொல்லவே மாட்டார். மிக்சி, ஃபேன், தையல் மெஷின் ரிப்பேர் பாக்குற உங்களுக்கு இந்த வேதனையைத் தனியா சொல்லணுமா?

என்ன மாதிரி சத்தம்?

சாலைக் கடைவீதியில எங்க கடையில முன்னால முருகேசன் ஆணி, கொண்டி விக்கிறான். பின்னால மேஜை போட்டு நான் ரீல் பாக்கேன். அப்பதான் மாதவன் சார் வந்தாரு. பென்ஷனான பிறகு அவருக்குப் போக்கிடம் வலியதுறை கடல்பாலம் ஒண்ணுதான். அவர் ரீல் போடுற சத்தத்துல மீன் ஓடுதுன்னு சொல்லி, கூட்டாளிங்க அவரைக் கரைப்பக்கமா தனியா நிக்க வச்சிட்டாங்க. அங்க மீனும் இல்ல, மிண்டறதுக்கு, அதான் வாயைத் திறந்து பேசறதுக்கு, ஆளும் இல்ல. ஞாயித்துக்கிழமைக்குள்ள சத்தம் போகணும்னாரு.

நான் ஒவ்வொண்ணா வாயால போட்டுக் காட்டினேன். கர்ர்ர்னு பல்சக்கரம். இல்லையாம். டொக் டொக்னு கைப்பிடி. அதுவும் இல்லையாம். கடைசில மூக்கைச் சுருக்கி, "கீ...ச்சு, கீ...ச்சு"ன்னேன். எதிர்த்த எஸ்டிடி பூத்ல பேசிட்டிருந்தவர் போனைப் பொத்திக்கிட்டுத் திரும்பிப் பாத்தாரு. மாதவன் சாருக்கு முகமே மலர்ந்துபோச்சு. "அதே, அதே. என் ரீலை அண்ணாச்சி முழுங்கிட்டீங்களா?"

மேஜைல சாது

கழட்டி, மண்ணெண்ணெய்ல கழுவி, பேரிங்குக்கு எண்ணெய், பல்சக்கரத்துக்கு கிரீஸ். சுத்தினா பூனை நடக்கிற மாதிரி இருந்துச்சு. சந்தோஷமா வாங்கிட்டுப் போனவர் மறுநாள் காலைலயே திரும்பி வந்தாரு. பாலத்துல அதே கீச்சாம். இங்க சுத்தினா சத்தமே இல்ல. மாதவன் சார் ரீலை முறைச்சுப் பாத்தாரு. "உங்க கடைல இவன் டீசன்ட் அண்ணாச்சி, பாலத்துல ஏறினாத்தான் ரவுடி."

எண்ணெய் எங்க விடணும்

விடுறதா இல்ல. மறுபடி கழட்டி மாட்டினேன். மாதவன் சார் கைப்பிடியைச் சுத்தினாரு. கீச்சு. கைப்பிடியைக் கழட்டினேன். கீச்சு. கயித்து உருளையையே தனியா எடுத்துக் கையில வச்சேன். அப்பவும் கீச்சு. சாருக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

முருகேசன் ஆணி நிறுக்கிறதை நிறுத்திட்டு வந்து என் முகத்தையே உத்துப் பாத்தான். அந்தச் சத்தத்தை மறந்துறக்கூடாதுன்னு நானே கீச்சு கீச்சுன்னு முணுமுணுத்துக்கிட்டு இருந்திருக்கேன். "அண்ணே, முதல்ல உங்க வாய்ல ஒரு சொட்டு எண்ணெய் விட்டுக்கோங்க."

எடைக்கல்லுக்குத் தூண்டில்

அப்புறம்தான் மண்டைல உறைச்சுது. மேஜைல சும்மா சுத்துறோம். கடல்ல கயித்துல பாரம் இருக்குமே. ரீலைத் தூண்டில் கம்புல மாட்டி, கயித்து நுனியை முருகேசனோட எடைக்கல்லுல கட்டி, கடை நீளத்துக்கும் இழுத்தேன். இந்தத் தடவை வாயை இறுக்கி மூடிக்கிட்டேன். கீச்சு, நிஜமாவே வந்துச்சு.

கயிறு உள்ள போறப்ப உரசிப்போகுமே ஒரு குட்டி உருளை, மொச்சைக்கொட்டை அளவுக்கு, அது உப்பு கட்டி அப்படியே இறுகிக் கிடந்துச்சு. அது சுத்தலேன்னா கயிறு அது மேல தேய்ஞ்சு கத்தத்தானே செய்யும். திருகாணியைக் கழட்டி, உப்பைச் சுரண்டி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மாட்டினேன். மறுபடி இழுத்தேன். எடைக்கல்லு தரையில உரசுற சத்தம் மட்டும்தான். ஆணி வாங்க வந்த மேஸ்திரி ஒருத்தர் இதையெல்லாம் பாத்துட்டுக் கேட்டாரு: "இந்த மீனு கிலோ எவ்வளவுக்குப் போகும்?"

பாலத்துல

ஞாயித்துக்கிழமை நானும் கூடப் போனேன். மாதவன் சார் கரைப்பக்கத்துல இருந்தே வீசி, மெல்லச் சுத்தினாரு. அலைச் சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு. அவரைத் தள்ளி நிக்கச் சொன்ன தாமஸ் கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துக் கேட்டாரு. அப்புறம் தன் பக்கெட்டைக் காலால நகர்த்தி நடுவுல இடம் விட்டாரு.

சார் போய் நின்னாரு. நின்னவர், கழட்டினது, மாட்டினது, எடைக்கல்லை இழுத்தது எல்லாத்தையும் ஒண்ணுவிடாம, என்னைவிடச் சத்தமா கீச்சு போட்டுக் காட்டிச் சொல்ல ஆரம்பிச்சாரு. தாமஸ் தண்ணியை விட்டுக் கண்ணை எடுக்காமச் சொன்னாரு: "ரீல் மிண்டாம ஆச்சு, சாரே. இனி சாரும் கொஞ்சம் மிண்டாம நின்னா மீனு வரும்."

எங்க தொழில்ல சத்தத்தை ஒழிக்கிறதுன்னு ஒண்ணும் கிடையாது, ஒரு இடத்துல இருந்து எடுத்து இன்னொரு இடத்துல வைக்கிறோம், அவ்வளவுதான்.