வெயில் புகாத வீடு

திரைச்சீலைக் கடைக்காரருக்கு வாய் கொஞ்சம் நீளம். "நான் மாட்டுன திரைன்னா, சூரியனே எங்கிட்ட கேட்டுட்டுத்தான் உள்ள வரணும்" என்று வாடிக்கையாளர்களிடம் தினமும் சவடால் விடுவார். சூரியன் அதை நிஜமென்று நம்பி அவர் வீட்டுப் பக்கமே வராமல் போய்விட்டதாகப் பிற்பாடு அவரே தன்னைக் கேலி செய்துகொள்வார்.

அவருடைய ஒரே மகளுக்கு ஒன்பது வயது. ஆட்டிசம். வெளிச்சம் கண்ணில் பட்டால் மேசைக்கு அடியில் போய் ஒடுங்கிவிடுவாள். திரை விற்கிறவனின் பாசம் வேறு எப்படி வரும்? கடையிலேயே தடிமனான துணியைக் கொண்டுவந்து சமையலறை ஜன்னல் வரைக்கும் இரண்டடுக்காக மாட்டினார். மகள் மேசையடியிலிருந்து வெளியே வந்தாள். வளையங்கள் கம்பியில் சரிகிற சத்தம் அவளுக்கு உயிர். வெளியடுக்கு மூடியே கிடக்க, உள்ளடுக்கை வலது கையால் இப்படியும் அப்படியும் இழுத்துக்கொண்டே இருப்பாள். இவ்வளவு நல்ல அப்பா ஊரில் உண்டா என்று அவருக்கே தன்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

ஒருநாள் அவள் இடது கையால் இழுத்தாள். அழவில்லை. கவனித்தது அம்மாதான். வலது மணிக்கட்டைத் தொட்டதும் வெடுக்கென்று விலகினாள். எக்ஸ்ரேயில் எலும்பு முறிந்திருந்தது. முந்தின நாள் கால்மிதி தடுக்கிக் கையை ஊன்றி உட்கார்ந்தாள், அவ்வளவுதான்.

டாக்டர் எல்லாவற்றையும் விசாரித்தார். பிஸ்கட்டும் வறுத்த உருளைக்கிழங்கும்தான் சாப்பாடு, பால் டம்ளரைக் கண்டால் தள்ளிவிடுவாள், வெளியே போவதில்லை. ரத்தத்தில் வைட்டமின் டி அடிமட்டத்தில் இருந்தது.

"மருந்து தர்றேன். ஆனா வெயில் படணும், நடக்கணும். இப்படியே விட்டா அடுத்தது தொடை எலும்பா இருக்கலாம். வீட்டுக்குள்ள வெயில் வருமா?"

"எங்க வீட்ல திரை கொஞ்சம் நல்லா இருக்கும் டாக்டர்" என்றாள் மனைவி.

பக்கத்தில் இருந்த கடைக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. சாப்பாடும் காரணம், ஓடியாடாததும் காரணம், திரை மட்டுமில்லை என்று டாக்டர் ஆறுதல் சொன்னார். அவர் காதில் திரை மட்டும்தான் விழுந்தது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டவர்கள் உண்டு. மொத்த விலைக்கு வாங்கி வைத்துக்கொண்டவர் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

கட்டுப் பிரித்ததும் வீட்டுத் திரைகளைக் கழற்றிப் பார்த்தார். மகள் மறுபடி மேசையடிக்குப் போனாள். யோசித்து, மொட்டைமாடியில் இரண்டு கம்பங்கள் நட்டு, நீளக் கம்பி கட்டி, அதில் திரையை மாட்டினார். ஜன்னலே இல்லாத இடத்தில் திரை. பக்கத்து வீடு சிரித்தது. மகளோ தொப்பியை நெற்றி மறைய இழுத்துவிட்டுக்கொண்டு, சத்தத்துக்காகவே மேலே வந்தாள். தினமும் காலையில் கம்பியின் நீளத்துக்கு இழுத்துக்கொண்டு நடந்தாள். சந்தோஷத்தில் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

துணி உலர்த்த வந்த மனைவி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஏங்க, பாப்பா மேல வெயில் எங்க படுது?"

படவில்லை. பழக்கதோஷம், அங்கேயும் தடித்துணியைத்தான் மாட்டியிருந்தார். மகளோடு நிழலும் கூடவே நடந்துகொண்டிருந்தது. 'இதெல்லாம் ஒரு துணியா' என்று கடையில் அவர் பழிக்கிற வலைத்துணி அன்றே மாடியேறியது.

சில மாதங்கள் கழித்து ரத்தப் பரிசோதனை மகள் தேறியிருப்பதாகச் சொன்னது. அவருக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. அவள் எடுத்து வைக்கும் ஒவ்வொரு அடியையும் ஓரமாக நின்று எண்ணிக்கொண்டிருந்தார்.

பயந்தபடியே ஒரு காலையில் செங்கல் தடுக்கி விழுந்தாள். இரண்டு கையையும் ஊன்றித்தான் விழுந்தாள். ஓடிப்போய்த் தூக்க வேண்டியவர் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

அவளாகவே எழுந்தாள். தொப்பியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டாள். திரையைப் பிடித்து இழுத்தாள், வலது கையால். வளையங்கள் கடைசி வரை சரிந்தன.

திரைக்காரர் அப்படியே வெயிலில் உட்கார்ந்து அழுதார். முகத்தை மறைத்துக்கொள்ள உருப்படியான துணி ஒன்றுகூட அங்கே இல்லை.